அப்பா கண்டுபிடித்த குண்டூசிப் பூச்சி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, தூங்க வேண்டிய நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன், மூன்றில் இரண்டு நடந்தால்கூடப் போதும். இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், எழுதிப் பழகிய கை அதுபாட்டுக்கு எழுதியும்விடும், ஆனால் இந்தத் தடவை அப்படி எழுதினால் பொய். அப்பாவுக்கு வலது கண்ணில் பார்வை குறைந்துகொண்டே வருகிறது. இருபதாம் தேதி ஆபரேஷன் என்று டாக்டர் நாள் குறித்துவிட்டார், அப்பா கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். உயிருக்கு ஒன்றும் இல்லை, பதறாதே, படித்துவிட்டு அப்புறம் பதறு. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். வீட்டில் இருக்கிற ஒரே போன் அவர் சட்டைப்பையில் இருக்கிறது, குளிக்கப் போகும்போதுகூட அது குளியலறை வாசலில் ஸ்டூல் மேல் காத்திருக்கும். நீ கூப்பிட்டால் கடைசியில்தான் என் கைக்கு வரும், அதுவும் அவர் பக்கத்திலேயே நின்று என் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதனால் சலவைக்கூடத்தில் மதிய இடைவேளையில், மடித்து வைத்த ஆஸ்பத்திரிப் போர்வைக் கட்டின் மேல் தாளை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள், காலையிலிருந்து இருநூறு போர்வை மடித்த கை.

நம் கட்டடத்து லிஃப்ட் நின்று மூன்று வாரம் ஆகிறது. முப்பத்து நாலு வருஷம் ஊரான் வீட்டு லிஃப்டையெல்லாம் பழுது பார்த்த மனுஷர் இருக்கிற கட்டடத்தில் நான் முட்டிவலியோடு மூன்று மாடி ஏறி இறங்குகிறேன். காவலாளி சாவியைத் தரமாட்டேன் என்கிறார், கம்பெனி ஆள்தான் தொடலாமாம். அப்பா தினம் ஒரு தடவை கீழே போய் மூடிய கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, கோளாறு எங்கே என்று எனக்கு வந்து சொல்வார். ஓய்வு பெற்ற பிறகு அவர் செய்த வேலை அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் நாற்காலி, சுவர், இவர். அதைப் போனில் உன்னிடம் நான்தான் சொன்னேன், நீயும் இரண்டு மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அந்த மைக்ரோஸ்கோப்பை வாங்கி அனுப்பினாய். பெட்டியைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது, அதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். சாப்பாட்டு மேசையில் பாதி போயிற்று. என் தையல் ஊசி, பஞ்சு, மருந்து சொட்டுவிடுகிற குழல் எல்லாம் போயின. ஜன்னல் ஓரத்தில் வரிசையாகப் பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சாக்கடை. ஒருநாள் களைத்துப்போய் வந்தவள் அதில் ஒன்றை எடுத்துக் குடிக்கப் போனேன், அவர் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. நானூறு மடங்கு பெரிதாகப் பார்க்கிறவருக்குக் கூட்டாத தரை மட்டும் கண்ணில் படாது.

முதல் வாரம் அவர் பார்த்ததெல்லாம் இருட்டுதான். எடுத்த எடுப்பில் பெரிய லென்ஸைப் போட்டு, கண்ணை வைத்தபடியே ஸ்லைடு வைக்கிற தட்டை மேலே ஏற்றி, மூன்று கண்ணாடித் தகடுகளை உடைத்தார். இரண்டாவது வாரம் கறுப்புக் கரை கட்டிய வட்டம் வட்டமாக ஏதோ தெரிந்தது, முட்டைகள் என்று சொல்லி ஒரு நோட்டு முழுக்க வரைந்தார். அதற்குள் கீழ்வீட்டு லேப்காரம்மா வந்தார், உனக்கு நினைவிருக்கும், கிளினிக்கில் ரத்த அணு எண்ணுகிறவர், சிரித்தால் தோள் மட்டும் குலுங்கும். முட்டைகளைப் பார்த்துவிட்டுத் தோள் குலுங்கினார். “அண்ணா, இது காத்துக்குமிழி. மேல மூடுற மெல்லிசுக் கண்ணாடியைத் தொப்புன்னு போடாதீங்க, ஒரு ஓரத்தைத் தண்ணில தொட வச்சு மெதுவாச் சாய்ங்க, காத்து தானா வெளிய போயிடும்” என்றார். சின்ன லென்ஸில் தொடங்க வேண்டும், பக்கவாட்டில் குனிந்து பார்த்துக்கொண்டே தட்டை லென்ஸுக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும், அப்புறம் கண்ணை வைத்துக் கீழே இறக்கியபடிதான் தெளிவைத் தேட வேண்டும், ஒருநாளும் ஏற்றியபடி தேடக்கூடாது என்றார். லென்ஸைச் சட்டை நுனியால் துடைத்ததற்கு நல்ல வசவு விழுந்தது. கண்ணாடி மாதிரி இருக்கிற உயிர்கள் அதிக வெளிச்சத்தில் கரைந்துபோய்விடும், கீழே இருக்கிற துவாரத்தைச் சுருக்கினால் ஓரம் எழுந்து வரும் என்றார். ஸ்லைடை இடது பக்கம் தள்ளினால் படம் வலது பக்கம் போகிறதே என்று நான் கேட்டதற்கு அவர் வாயைத் திறப்பதற்குள் அப்பா, “லிஃப்ட் மேல போனா எடைக்கல் கீழ வருதுல்ல, அது மாதிரிதான்” என்று எனக்குச் சொல்லிவிட்டார். எவ்வளவு நாளுக்கப்புறம் அவர் குரலில் அந்த மிடுக்கு. நானும் ஒருநாள் பார்த்தேன், வெங்காயத் தோல் செங்கல் சுவராக நின்றது, பாசித் தண்ணீரில் தலையில் இரண்டு சக்கரம் சுழல ஒரு குட்டி உயிர் தின்றுகொண்டே இருந்தது. இரண்டு நிமிஷம் முட்டிவலி எங்கே போனது என்றே தெரியவில்லை. அதற்காக உனக்கு நன்றி சொல்லவே இல்லை, இப்போது சொல்கிறேன்.

அந்தப் பாசித் தண்ணீரில்தான் மூன்று மாதத்துக்கு முன்னால் அவர் அதைக் கண்டுபிடித்தார். மெல்லிய நூல், ஒரு முனையில் உருண்டைத் தலை. துவாரத்தைச் சுருக்கச் சுருக்கப் பளிச்சென்று தெரியுமாம். நேராகப் பார்க்கப் போனால் நழுவி ஓடும், விட்டுவிட்டால் மெல்ல மிதந்து திரும்பி வரும், வெட்கப்படுகிற பூச்சி என்றார். பார்க்க இருக்கிற விதத்துக்கும், பிடியில் நிற்காத குணத்துக்கும் சேர்த்துக் குண்டூசி என்று உன் செல்லப்பெயரையே அதற்கு வைத்தார். அடுத்த நாள் சாக்கடைத் தண்ணீரில் அது இருந்தது, அப்புறம் வெங்காயத்தில், அப்புறம் பாலில். எல்லா இடத்திலும் வாழ்கிறது, யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது என்றார். நான் போய்ப் பார்த்தால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. “உனக்குப் பொறுமை இல்ல” என்றார், எட்டு மணிநேரம் நின்று வேலை செய்துவிட்டு வந்தவளுக்கு எங்கிருந்து பொறுமை வரும், அதுதான் உண்மையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். நீ படம் எடுத்து அனுப்பச் சொன்னாய், போனை அந்தக் குழல்மேல் வைத்து எடுத்தார், படத்தில் பாசி இருந்தது, பூச்சி இல்லை. போன் மட்டம் என்று சொல்லிவிட்டுக் கையால் வரைந்து அனுப்பினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டாய். நீ வேலை பார்க்கிற கல்லூரியில் ஒரு பேராசிரியரிடம் வரைபடத்தைக் காட்டியதாகவும், இப்படி ஒன்றை அவர் பார்த்ததே இல்லை என்று ஆச்சரியப்பட்டதாகவும், விடாமல் பார்த்து எழுதி வைக்கச் சொன்னதாகவும் சொன்னாய். அப்பா ஒலிபெருக்கியில் போட்டிருந்தார், நானும் கேட்டேன். அவருக்குத் தலைகால் புரியவில்லை, எதிர்வீட்டுத் தபால்காரரைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். அதற்கு முன் நீ ஒன்றரை மாதத்துக்கு ஒரு தடவை கூப்பிடுவாய், “அவசரமா இருக்கேன்ப்பா, அப்புறம் பேசுறேன்” என்று நீ சொல்வதற்கு முன்னால் அவரே “சரிம்மா, வேலையைப் பாரு” என்பார். இப்போது வாராவாரம், ஞாயிறு காலை, குண்டூசி எப்படி இருக்கிறது, எங்கே கிடைத்தது, எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று நீ கேட்கக் கேட்க அவர் நோட்டைப் புரட்டிப் பதில் சொல்வார். சனிக்கிழமையே சவரம் செய்துகொள்வார், போனில் முகம் தெரியாது என்று சொன்னாலும் கேட்கமாட்டார்.

போன மாதம் லேப்காரம்மா சுவரில் ஒட்டியிருந்த வரைபடங்களைப் பார்த்தார். ஏழு தாள், ஏழிலும் அதே குண்டூசி. இந்தத் தடவை தோள் குலுங்கவில்லை. ஸ்லைடை மெல்ல நகர்த்தச் சொன்னார், பாசி நகர்ந்தது, பூச்சி கூடப் போகவில்லை. அப்படியென்றால் அது தண்ணீரில் இல்லை. கண் வைக்கிற குழலைப் பிடித்துத் திருகச் சொன்னார், அதிலே தூசி ஒட்டியிருந்தால் கூடவே சுற்றும், சுற்றவில்லை. லென்ஸை மாற்றச் சொன்னார், அதற்கும் அசையவில்லை. கடைசியாக, “இப்ப இடது கண்ணால பாருங்கண்ணா” என்றார். அப்பா பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். “இருக்கு” என்றார். லேப்காரம்மா வாசல்வரை வந்து என்னைத் தனியாக அழைத்து, “இருக்குங்குறார், ஆனா அதைச் சொல்ல ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டார் அக்கா. சர்க்கரை இருக்குற உடம்பு, கண் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க” என்றார். நான் உள்ளே வந்து கேட்டேன், கெஞ்சினேன், கத்தினேன். “என் பொண்ணு பேராசிரியர்கிட்டயே காட்டியாச்சு, ரத்தம் எண்ணுறவங்க வந்து எனக்குச் சொல்லணுமா” என்று ஒரே பிடிவாதம், பிடித்த முயலுக்கு மூன்றே கால். ஆனால் நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். டீயைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினார். கதவு நிலையில் வலது தோளை இடித்துக்கொண்டு நிலை கோணலாக இருக்கிறது என்றார். இருபத்தாறு வருஷமாக அந்த நிலை அங்கேதான் இருக்கிறது.

கடைசியில் மைக்ரோஸ்கோப்பிலிருந்த பல்பைக் கழற்றி என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தால்தான் திரும்பக் கிடைக்கும் என்றேன். மூன்றாம் நாள் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். டாக்டர் சின்ன வயசுப் பெண், உன் வயசுதான் இருக்கும், மருந்து விட்டுக் கண்பாப்பாவை விரித்து விளக்கை அடித்து வெகுநேரம் பார்த்தார். சர்க்கரையால் கண்ணுக்குப் பின்னால் இருக்கிற திரையில் ரத்தம் கசிந்திருக்கிறது, அந்தக் கசிவுதான் நூலாக மிதக்கிறது, அப்போதே வந்திருந்தால் லேசர் போட்டு அனுப்பியிருப்பேன், இப்போது திரையையே பிடித்து இழுக்கிறது, ஆபரேஷன் செய்தால் இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாம், தள்ளிப்போட்டால் அதுவும் போய்விடும் என்று சொன்னார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா என்று எனக்கு வாய்வரை வந்தது, அப்பா முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன். ஏனென்றால் அந்த முகத்தில் அதிர்ச்சியே இல்லை. லிஃப்ட் எங்கே நிற்கிறது என்று தெரிந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். கையெழுத்துப் போடச் சொன்னபோது மட்டும், “இன்னொரு கண் இருக்குல்ல, போதும்” என்று எழுந்துவிட்டார்.

ஆபரேஷனுக்கு முன் பழைய சர்க்கரைப் பரிசோதனைத் தாள் வேண்டும் என்று டாக்டர் கேட்டிருந்தார். நேற்று அப்பா லிஃப்ட் கதவுக்குக் காது கொடுக்கக் கீழே போயிருந்த நேரம், மேசை இழுப்பறையில் தேடினேன், அவருடைய நோட்டுக்குள் சொருகியிருந்தது. சொருகியிருந்த பக்கத்தைப் படித்தேன். வேலையில் இருந்தபோது பழுது அறிக்கை எழுதுவாரே, அதே மாதிரி, அதே கட்டை எழுத்தில் எழுதியிருக்கிறார். அப்படியே எழுதுகிறேன். கோளாறு, குண்டூசி. ஸ்லைடை நகர்த்தினேன், நகரவில்லை. குழலைத் திருகினேன், திரும்பவில்லை. லென்ஸை மாற்றினேன், மாறவில்லை. வெறும் கண்ணாடி வைத்தேன், இருக்கிறது. இடது கண்ணால் பார்த்தேன், இல்லை. கோளாறு இருக்கும் இடம், என் வலது கண். கீழே தேதி, கையொப்பம். அந்தத் தேதி, நீ பேராசிரியரைப் பற்றிச் சொன்னதற்கு ஆறு நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை. லேப்காரம்மா வந்து சோதித்துப் பார்ப்பதற்கு எத்தனையோ வாரம் முன்னால். அதற்கும் கீழே வேறு மையில், மறுநாள் தேதி போட்டு, இன்று குண்டூசி கூப்பிட்டாள், முப்பத்தெட்டு நிமிடம் பேசினாள், சொல்ல வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். முதலில் வந்தது கோபம்தான், இந்த வயசில் இப்படி ஒரு பைத்தியக்காரத்தனமா என்று. அப்புறம் அழுகை வந்தது, அவர் படியேறி வருகிற சத்தம் கேட்டதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு நோட்டை இருந்த இடத்தில் வைத்துவிட்டேன். நான் படித்தது அவருக்குத் தெரியாது, நீயும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன், கொஞ்சம் இருக்கிறது. பேராசிரியர் யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியும், பெற்றவளுக்கு அந்தக் குரல் தெரியாதா. அப்பாவைச் சந்தோஷப்படுத்தத்தான் சொன்னாய், வேலை முடிந்து களைத்து வந்த நேரத்தில் வாயில் வந்ததைச் சொல்லியிருப்பாய், நானும் அவரிடம் ஆயிரம் தடவை அப்படிச் சொல்லியிருக்கிறேன். எனக்கும் அதில் பங்கு உண்டு. அவர் ஒரு வேலையில் உட்கார்ந்திருக்கிறார், என்னைத் தொந்தரவு செய்யவில்லை என்று நிம்மதியாகப் படுத்துத் தூங்கினேன், சுவரில் ஏழு தாள் தொங்கியும் நான் கேட்கவில்லை. யாரைக் குறை சொல்வது, எனக்கு அலுத்துவிட்டது.

அதனால் நீ ஒன்று செய்ய வேண்டும். இந்தக் கடிதம் உன் கைக்கு வர எட்டு நாள் ஆகும், அதற்குப் பிறகு இருபதாம் தேதிக்கு ஐந்து நாள்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்காதே, கடிதம் கிடைத்த அன்றே கூப்பிடு. பேராசிரியர் இல்லை, நான்தான் சொன்னேன் என்று ஒத்துக்கொள். அம்மா கண்ணைப் பற்றி எழுதினாள் என்றும் சொல், அதை மறைக்க வேண்டாம், என்னை இரண்டு திட்டுத் திட்டட்டும். பூச்சி போய்விட்டாலும் வாராவாரம் கூப்பிடுவேன் என்று சொன்னால் அவர் கையெழுத்துப் போட்டுவிடுவார், அது எனக்கு நிச்சயம். ஆனால் கூப்பிட முடியும் என்றால் மட்டும் சொல். உன் வேலை எனக்குத் தெரியும், அந்த ஊரின் நேரமும் தெரியும், முடியாது என்றால் நான் தப்பாக நினைக்கமாட்டேன், சத்தியமாக. அப்போது வேறு ஏதாவது சொல்லி நானே கையெழுத்து வாங்கப் பார்க்கிறேன், லேப்காரம்மாவும் உதவுவார். அவருக்கு ஒரு கண் போனாலும் பரவாயில்லை, அந்தக் கண்ணைக் காப்பாற்றுவதற்காக இன்னொரு பொய்யை அவர் கையில் கொடுத்துவிடாதே.

மணி அடித்துவிட்டது, எழுந்து நின்றால்தான் முட்டி இருக்கிறதா என்று தெரியும். கழுத்து வலிக்கிறது என்றாயே, தலையணையை மாற்றினாயா, மாற்று. உனக்கும் வயசாகிறது, சர்க்கரை நம் குடும்பத்தில் இருக்கிறது, வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணைக் காட்டிக்கொள், இதை மட்டும் மறக்காதே. எங்கே இருந்தாலும் நீ நன்றாக இரு, நீண்ட நாள் இரு, உன் கை கால் ஓயாமல் இருக்கட்டும். உன் ஆயுசுக்கும் என் ஆசீர்வாதம் உண்டு.

இப்படிக்கு,
உன் அம்மா